உறை

பத்து எண்ணி முடிக்கும்வரை
சுண்டுவிரல் பாலுக்குள் பொறுக்க வேண்டும்.
அதுதான் பதம்.

முதல் தடவை நான் எண்ணியது
இருபத்திரண்டு வருடம் நோட்டு எண்ணிய விரலின் வேகத்தில்.
ஒன்றில் தொடங்கிப் பத்தில் முடிய
ஒரு மூச்சுகூட ஆகவில்லை.
சூட்டில் வெந்து செத்தது உறை.
விடிந்து பார்த்தால் பானையில்
வெறும் பால், தூக்கம் கெட்ட முகத்தோடு.
"பணமா எண்ணுகிறாய்?" என்றாள் லோதி.
"குளிரில் பேருந்துக்கு நிற்பவன் மாதிரி எண்ணு."

ஸஹ்லேயில் இது மூன்றாவது பனிக்காலம்,
எங்கள் வங்கி வாசலில் இரும்புத் தகடு அடித்து.
மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து
"இந்த வாரம் இல்லை, மதாம்" என்று
பாதி ஊருக்குச் சொன்ன வாய் இது.
போட்டதெல்லாம் உள்ளேயே உறைந்துபோனது.
என் பணமும்தான்.
அதை மட்டும் யாரும் நம்பவில்லை.

இப்போது வியாழன்தோறும்
மித்ரியின் வண்டியிலிருந்து நாலு லிட்டர்.
பொங்கி விளிம்பைத் தொடும்போது
அடுப்பைத் தணிக்கிறேன். ஆறவிடுகிறேன்.
ஒன்று,
ஜன்னலில் பனி.
இரண்டு,
மேல்வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம்.
ஏழில் விரல் கெஞ்சுகிறது.
பத்து.
போன வாரத்து லபன் ஒரு கரண்டி
கிண்ணத்தில் இளக்கி, பானையின் ஓரமாய் விட்டு,
மூடி,
என் வங்கிக் கோட்டைப் போர்த்துகிறேன்.
நல்ல கம்பளி. கருநீலம்.
பெயர் வில்லையைக் கழற்றத் தோன்றவில்லை;
பானையின் மார்பில் பளபளக்கிறது: நக்லே.
விடியும்வரை அசைக்கக் கூடாது.
மின்சாரம் போகும், தெருமுனை ஜெனரேட்டர் இருமும்,
உள்ளே இருப்பதற்கு அதெல்லாம் தெரிய வேண்டாம்.

நேற்றுக் காலை கதவைத் தட்டினாள்
மேல்வீட்டு வதாத்.
கையில் சின்னக் கண்ணாடிக் குவளை.
மூன்று வருடம் முன்னால் அதே கையில் பேனா,
கவுண்டரிலிருந்து சங்கிலியோடு பிடுங்கியது.
என் முகத்துக்கு நேராக எறிந்தாள்.
கண்ணாடித் தடுப்பில் விழுந்த கீறலை
கண்ணை மூடிக்கொண்டே தொட்டுக் காட்டுவேன்.
கணவனின் அறுவைச் சிகிச்சைக்குக் கேட்டாள்.
நான் அதே வாசகத்தைச் சொன்னேன், மதாமோடு சேர்த்து.
அவன் பிழைத்தான்,
அவள் தங்கையின் ஆறு வளையல்களால்.
அன்றிலிருந்து படிக்கட்டில்
அவள் சுவரைப் பார்ப்பாள்,
நான் பையில் சாவி தேடுவேன்.

"லோதி இல்லையா?"
"கடைக்குப் போயிருக்கிறாள்."
குவளை தாழ்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து உயர்ந்தது.
"என் லபன் கெட்டுவிட்டது. உறைக்கு ஒரு கரண்டி."

கோட்டின் பொத்தான்களைக் கழற்றினேன்.
வில்லையைப் படித்தாள், தெரியாத பெயரைப் படிப்பதுபோல்.
மூடியைத் திறந்தேன்.
ஒரு சுருக்கமில்லாத வெள்ளை.
கரண்டி இறங்கிய இடத்தில் மட்டும்
வெட்டுண்ட விளிம்பு, தெளிநீர் ஊறி.
ஒன்று போட்டேன்.
இரண்டு. மூன்று.
நாலாவதில் குவளை வழிந்து
அவள் விரலில் இறங்கியது.

"கேட்டது ஒரு கரண்டி," என்றாள்.
"கணக்கு உனக்குத் தெரியாதா?"
மிச்சத்தைப் பானையிலேயே சரித்துவிட்டு,
விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு,
படியேறினாள்.

லோதி வந்ததும் பானையைத்தான் பார்த்தாள்.
"இப்படிக் கலக்கி வைத்தது யார்?"
"வாடிக்கையாளர் ஒருவர் வந்தார்.
கேட்டதைக் கொடுத்தனுப்பினேன்."
அவள் சிரிக்கவில்லை.
கலங்கியதைத் துணியில் முடிந்து
குழாயில் தொங்கவிட்டாள்.
இனி அது லப்னேதான்.

ராத்திரி முழுக்கச் சொட்டியது.
நான் எண்ணவில்லை.
மேலே பால் காய்கிற மணம் வந்தது,
பிறகு வெகுநேரம் நாற்காலி இழுபடவில்லை.
"உப்பு தீர்ந்துவிட்டது," என்றாள் லோதி இருட்டில்,
"நாளைக்கு மறக்காதே."